சட்டாம்பிள்ளையும் சாக்குத் துண்டும்

'மனசு வச்சாப் படிக்கலாம், இவன் மனசு வைக்கிறதில்ல.' சேரிப் பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் காலங்காலமாகச் சொல்லப்படுவது இது. சொன்ன வாயே அடுத்த மூச்சில், 'இதுங்க புத்தியே அப்படித்தான்' என்றும் சொல்லும். முதல் வாசகம் பையனுக்குச் சுயசித்தம் உண்டு என்கிறது. இரண்டாவது, இல்லை என்கிறது. ரெண்டும் கையில் இருந்தால்தான் பிரம்பு எடுக்கத் தோது. இதே சேட்டையை ஊர்த்தெருப் பையன் செய்தால் 'வயசுக் கோளாறு' என்று முடிந்துவிடும்.

மாணவனை அடக்கும் நவீன முறைகளின் வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. 1789-இல் எழும்பூரில், ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்குக் கண்காணிப்பாளராக வந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். இங்கத்திய பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, அதைத் தம் விடுதியில் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் முடியாது என்றார். எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார், காரியம் நடந்தது. நம் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை ஏற்கெனவே உண்டுதானே. (திண்ணையில் சட்டாம்பிள்ளை உண்டு, நம் பிள்ளைகள் இல்லை.) 1797-இல் பெல் இதை லண்டனில் அச்சிட்டார். 'மதராஸ் முறை' என்றே பெயர் நிலைத்தது.

அடுத்த ஆண்டு லண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் இதே வழியில் இன்னும் தூரம் போனார். ஒரே வாத்தியார், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவில் சட்டாம்பிள்ளைகள். கட்டளை பிறந்தால் எல்லாக் கைகளும் ஒன்றாகச் சிலேட்டைத் தூக்கிக் காட்டும். அவர் குவேக்கர், பிரம்படி கூடாது என்றவர். அதற்குப் பதில் என்ன வைத்தார்? கழுத்தில் நாலு முதல் ஆறு பவுண்டு எடையுள்ள மரக்கட்டை. காலுக்கு மரத்தளை. இன்னும் மோசம், கூடையில் போட்டுக் கூரைக்கு ஏற்றி மற்ற பிள்ளைகளைச் சிரிக்க விடுவது. கவிஞர் கோல்ரிட்ஜ் 1808-லேயே இதைக் கண்டித்துப் பேசினார். 1975-இல் பூக்கோ தண்டனையின் வரலாற்றை எழுதும்போதும் இந்த வகைப் பள்ளிக்கூடங்களைத் தொட்டார். சிறையும் பட்டாளமும் பள்ளியும் ஒரே மாதிரியாக உடலைப் பழக்குகின்றன என்பது அவர் வாதம். சரிதான். ஆனால் சாதி அவர் கணக்கில் இல்லை.

அதற்குச் சாத்தாராவுக்கு வரவேண்டும். அங்கே பள்ளியில் படித்த அம்பேத்கர் வகுப்பில் உட்கார, வீட்டிலிருந்து சாக்குத் துண்டு கொண்டுபோனார். மாலையில் திரும்ப எடுத்துவந்தார். பள்ளியைப் பெருக்குகிற ஆள்கூட அதைத் தொடமாட்டார். தாகமெடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறக்கணும். பியூன் இல்லையா, தண்ணீர் இல்லை.

லங்காஸ்டரின் கட்டையைச் சாக்குத் துண்டோடு வைத்துப் பாருங்கள். கட்டை கொடுமைதான், ஆனாலும் அது ஏதோ ஒரு செய்கைக்காகக் கழுத்தில் ஏறுகிறது. பேசினான், ஓடினான், பொய் சொன்னான். இனிமேல் செய்யமாட்டேன் என்றால் இறங்கும். சாக்குத் துண்டு எதற்காக? அந்தச் சிறுவன் எதையும் செய்யவில்லை, எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. திருந்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. அப்படி உட்காரவைத்த பிள்ளையைப் பார்த்து 'மனசு வை' என்பதுதான் வேடிக்கை.

2009-இன் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. 2014-இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் நாலு மாநிலங்களில் விசாரித்து வெளியிட்ட அறிக்கையில், தலித் பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்ததும் கழிப்பறை கழுவவைத்ததும் பதிவாகியிருக்கின்றன. கேட்டால், 'தண்டனையெல்லாம் இல்லீங்க, சும்மா ஒரு வேலை சொன்னோம்' என்பார்கள். வேலை என்றே வைத்துக்கொள்வோம். அந்த வேலைக்கு வகுப்பில் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், யாரைக் கூப்பிடவில்லை?