பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்தார்கள்

2020 ஏப்ரல் 13 அன்று அம்பத்தூர் மயானத்தில் ஒரு மருத்துவரின் உடலை எரிக்க விடாமல் தடுத்தார்கள். அவர் நெல்லூர்க்காரர், கொரோனா தொற்றோடு சென்னையில் சிகிச்சையில் இருந்து இறந்தவர். உடலைத் திருப்பி எடுத்துப்போய் வேறிடத்தில் எரிக்க வேண்டியதாயிற்று. அடுத்த சில நாளில் அதே தொற்றில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கப் போனவர்களை வேலங்காடு மயானத்தில் கும்பல் தாக்கியது. மாதம் முடிவதற்குள் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, இப்படித் தடுப்பவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது.

அம்பத்தூரில் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்தச் செய்தி எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அதே ஊரில் அதே மாதம் நடந்த இன்னொன்றையும் நான் பார்த்தேன். ஊரின் வரலாற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் பிழைக்க வந்தவர்களால் ஆன ஊர். 1961இல் ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வந்தபோது நெல்லையிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கப் போனபின், லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் முன்னால் பீகார், ஒடிசா, அசாம் பையன்கள் வந்து நின்றார்கள். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. பட்டறைகள் ஒரே நாளில் நின்றன. பட்டரவாக்கம், அத்திப்பட்டுப் பக்கம் தகரக் கூரை போட்ட லைன் வீடுகளில், ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டு பேர் என்று அவர்கள் சிக்கிக்கொண்டார்கள்.

அவர்களைத் தேடிப் போனவர்களில் என் பழைய மாணவர்கள் சிலர் இருந்தார்கள். ஐ.டி.ஐ. முடித்து சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறவன், வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன், நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்த பெண். முதலில் எலுமிச்சை சாதப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பையன்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். சில நாள் கழித்து ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டானாம்: "ஆட்டா கிடைக்குமா அண்ணா? ஸ்டவ் எங்ககிட்ட இருக்கு." அன்றிலிருந்து பொட்டலம் நின்றது, பட்டியல் வந்தது. கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, வெங்காயம், எண்ணெய், பச்சை மிளகாய், துணி சோப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் கேட்டது செல்போன் ரீசார்ஜ். ஊரில் அம்மா அழுதுகொண்டிருப்பாள், அவளிடம் பேச வேண்டும். கொடுக்கிறவர் நினைத்ததைக் கொடுப்பது வேறு, வாங்குகிறவருக்கு வேண்டியதைக் கேட்டுக் கொடுப்பது வேறு. இருபது வயதில் இந்தப் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

என்னை அவர்கள் வாசலைத் தாண்ட விடவில்லை. "மிஸ், நீங்க வெளிய வராதீங்க. லிஸ்ட் மட்டும் எழுதிக் குடுங்க, போதும்" என்றார்கள். ஏப்ரல் 12 அன்று, தனியார் நேரடியாக நிவாரணம் கொடுக்கக் கூடாது என்று அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, முன்கூட்டித் தகவல் தந்து, நிபந்தனைகளோடு கொடுக்கலாம் என்றது. பையன்கள் மண்டல அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது, பூந்தமல்லி அப்போது நகராட்சி. இந்த எல்லையெல்லாம் பசித்தவனுக்கும் தெரியாது, இவர்களும் பார்க்கவில்லை.

பஞ்சத்துக்கும் நோய்க்கும் கைகொடுப்பது சென்னைக்குப் புதிதல்ல. 1782இல் ஹைதர் அலி போரோடு வந்த பஞ்சத்தில் ராயபுரத்துப் பக்கம் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை அங்கிருந்து வளர்ந்ததுதான். ஆனால் அன்று கொடுத்தவர்கள் பணக்காரர்களும் கம்பெனி அதிகாரிகளும். 1918இல் ரயிலேறி வந்த விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேலானவர்களைக் கொன்றபோது நிலைமை இன்னும் மோசம். அது இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களைத்தான் அதிகம் தாக்கியது. ஓடியாடி உதவ வேண்டிய வயதே படுத்துவிட்டது. 2020இன் முதல் அலை முதியவர்களைக் குறிவைத்தது. அதனால் இளையவர்கள் கால் ஊன்றி நிற்க முடிந்தது. ஒரு தலைமுறையின் குணத்தைப் பேசும்போது நோயின் குணத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

இன்னொரு காரணம் 2015 டிசம்பர் வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் கொரட்டூர் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். அப்போது பிளஸ் டூ படித்த பிள்ளைகள் பால் பாக்கெட் சுமந்தார்கள். அன்று தொடங்கிய வாட்ஸ்ஆப் குழுக்கள், கடன் வாங்கிய அண்டாக்கள், "எந்தக் கடைக்காரர் கடனுக்கு அரிசி தருவார்" என்ற விவரம் எல்லாம் அழியாமல் இருந்தன. 2020இல் அவர்கள் புதிதாகத் தொடங்கவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

அந்தக் குழுக்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். "யாராவது மாத்திரை வாங்கித் தர முடியுமா?" என்று பொதுவாகப் போட்டால் கட்டைவிரல் படங்கள் வரிசையாக வரும், ஒருவரும் கிளம்ப மாட்டார்கள். ஒருவன் பெயரைச் சொல்லி, "நீ மண்ணூர்பேட்டையிலதானே இருக்கே, மெடிக்கல் வரைக்கும் போயிட்டு வாயேன்" என்றால் பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். அமெரிக்காவில் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் காட்டியது. பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பில் துடிப்பது தனக்கு மட்டுமே கேட்கிறது என்று நம்பிய மாணவர்களில் 85 சதவீதம் பேர் உடனே உதவி தேடினார்கள். இன்னும் நான்கு பேருக்கும் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். மயானத்தில் கூடிய கூட்டத்திலும் எதிர்த்துப் பேச நினைத்தவர்கள் சிலர் இருந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். அவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

நெதர்லாந்தில் 2020 ஊரடங்கின்போது பதின்ம வயதினரிடம் தினமும் விவரம் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். பொதுவான பரிவு குறைந்திருந்தது. ஆனால் கையிலிருப்பதைப் பங்கிடச் சொன்னபோது, நண்பனுக்குக் கொடுத்ததைவிட மருத்துவருக்கும் கொரோனா நோயாளிக்கும் அதிகம் கொடுத்தார்கள். மனம் சோர்ந்திருக்கும்போதும், எதிரே இருப்பவரின் தேவை கண்ணுக்குத் தெரிந்தால் இளையவர் கை நீளும். அந்த லைன் வீட்டு வாசலில் நடந்ததும் அதுதான்.

2021 மே மாதம் வேறு கதை. இம்முறை முப்பது வயதுக்காரர்களும் மூச்சுக்குத் தவித்தார்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் மருந்துக்கு இரவெல்லாம் வரிசை. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழக (தமுமுக) இளைஞர்கள் மத வேறுபாடு பாராமல் உடல்களை அடக்கம் செய்தார்கள். மாநகராட்சி அமர்த்திய களப்பணிப் பெண்கள் ஆக்ஸிமீட்டரோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பல வீடுகளில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். நர்சிங் படித்த என் மாணவி ஆக்சிஜன் படுக்கை தேடி நாள் முழுக்க போன் அடித்தாள். படுக்கை கிடைத்துத் திரும்பக் கூப்பிட்டபோது சில எண்களை யாரும் எடுக்கவில்லை. இப்போதும் அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அவள் கை நடுங்குகிறது. உதவினால் மனம் நிறையும் என்று சொல்லிச் சொல்லியே அவர்களை அனுப்பினோம். திரும்பி வந்தவர்களிடம் "நீ தூங்குகிறாயா?" என்று கேட்கவில்லை. அது பெரியவர்கள் செய்த பிழை.

சென்னை மாநகராட்சி, தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு உதவ ஃபோகஸ் என்ற பெயரில் தன்னார்வலர்களை வைத்திருந்தது. அது நல்ல ஏற்பாடு. அதுபோல வார்டு தோறும் ஒரு பெயர்ப் பட்டியல் எப்போதும் இருக்க வேண்டும். அடுத்த வெள்ளத்துக்கோ நோய்க்கோ யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் அப்படி ஓடிய பிள்ளை இருந்தால், உட்கார வைத்து எழுதி வாங்குங்கள். எந்தத் தெரு, எந்த மாதம், என்ன கொடுத்தார்கள், பணம் யார் போட்டது, எந்த வீட்டில் கதவு திறக்கவில்லை, இவ்வளவு போதும். பழைய போன்களை மாற்றும்போது அந்தக் குழுச் செய்திகளும் போய்விடும். அதற்கு முன் ஒரு பிரதி எடுத்துப் பக்கத்துக் கிளை நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.