விமானத்தைப் பரிசாகக் கொடுக்கலாம், விமானியை இரவல்தான் கொடுக்க முடியும்

2024ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி. மாலத்தீவில் இருந்த இந்திய ராணுவத்தினர் நாடு திரும்ப அதுதான் கடைசி நாள். அதற்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மொத்தம் 76 பேர் என்றார் மாலத்தீவின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் மூசா ஸமீர்.

அவர்கள் சண்டை போடப் போனவர்கள் அல்லர். இந்தியா கொடுத்த 2 ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் ஓட்டுவது, பராமரிப்பது, பழுதுபார்ப்பது ஆகியவைதான் அவர்களின் வேலை.

அவர்கள் போன சூட்டோடு மாலத்தீவின் தற்காப்பு அமைச்சர் கசான் மௌமூன் செய்தியாளர்களிடம் ஓர் உண்மையைச் சொன்னார். அந்த மூன்றையும் இயக்கத் தெரிந்தவர்கள் மாலத்தீவு ராணுவத்தில் இன்னும் இல்லை. சிலர் பயிற்சியைத் தொடங்கினார்கள், ஆனால் முடிக்கவில்லை.

முதல் ஹெலிகாப்டர் அங்கு வந்தது 2010இல். 14 வருஷம் ஆச்சு, இன்னும் ஓட்ட ஆள் இல்லையா? நியாயமான கேள்விதான். ஒரு நாடு தன் ராணுவ விமானிகளை இன்னொரு நாட்டுக்கு 'இரவல்' கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

'இரவல்' என்றால் என்ன?

வெளிநாட்டுக்குப் படை அனுப்புவது வேறு, ஆளை இரவல் கொடுப்பது வேறு.

1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட்டைச் சேர்ந்தவர்கள் கூலிப்படையாக அதில் இறங்கினர். அதிபர் மௌமூன் அப்துல் கயூம் உதவி கேட்டார். இந்தியா விமானத்தில் வீரர்களை அனுப்பி அதை முறியடித்தது. அங்கே வந்தது இந்தியப் படை, கொடுக்கப்பட்டது இந்திய உத்தரவு.

இரவல் முறையில் அப்படி இல்லை. ஆள் உங்களுடையவர், ஆனால் அன்றாட வேலையை ஒதுக்குவது அந்த நாட்டு ராணுவம். மாலத்தீவில் இந்தியக் குழுவினர் உள்ளூர்த் தற்காப்புப் படையின் கட்டளைக்குக் கீழ்தான் இயங்குகிறார்கள் என்று முந்தைய அரசாங்கம் பலமுறை விளக்கியது.

மூன்றாவது வகையும் உண்டு. ஓய்வுபெற்ற விமானி தானாகவே சம்பளத்துக்குப் போவது. முன்னாள் பிரிட்டிஷ் விமானிகள் சுமார் 30 பேர் சீன ராணுவத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருப்பதாக 2022இல் பிரிட்டன் எச்சரித்தது நினைவிருக்கலாம். அங்கே பிரிட்டிஷ் அரசாங்கம் யாரையும் அனுப்பவில்லை. அதனால் அது இரவல் கணக்கில் சேராது.

மாலத்தீவுக்கு ஏன் தேவைப்பட்டது?

வரைபடத்தைப் பார்த்தாலே புரியும். சுமார் 1,200 தீவுகள். வடக்கிலிருந்து தெற்குவரை 800 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மக்கள் வசிப்பது 200க்கும் குறைவான தீவுகளில். பெரிய மருத்துவமனைகள் தலைநகர் மாலேயில்.

தெற்குக் கோடியில் உள்ள அட்டூவில் ஒருவருக்கு நள்ளிரவில் மாரடைப்பு வந்தால்? மாலே 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. படகில் போய்ச் சேரும் தூரமா அது?

அதனால்தான் அட்டூ, வடக்கே ஹனிமாதூ, இடையில் லாமு வட்டாரத்தின் கத்தூ என மூன்று இடங்களில் அவற்றை நிறுத்தினார்கள். நோயாளிகளை மாலேக்குக் கொண்டுபோவது, கடலில் காணாமல்போனவர்களைத் தேடுவது, மீன்பிடி எல்லையைக் கண்காணிப்பது எல்லாம் அவற்றின் வேலை. நூற்றுக்கணக்கான நோயாளிகள் இப்படித்தான் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

அப்புறம் ஏன் வெளியேறச் சொன்னார்கள்?

சின்ன நாட்டில் பக்கத்துப் பெரிய நாட்டின் சீருடை தெரிந்தால் கேள்வி எழத்தான் செய்யும். "வந்திருப்பது விமானியா, உளவாளியா? அவசரம் என்று வந்தால் இவர்கள் யார் பேச்சைக் கேட்பார்கள்?" இந்தக் கேள்விகள் 'இந்தியாவே வெளியேறு' என்ற பிரசாரமாக வளர்ந்தன.

அந்த அலையில் 2023 செப்டம்பரில் முகமது முய்ஸு அதிபர் தேர்தலில் வென்றார். நவம்பர் 17ஆம் தேதி பதவியேற்றார். மறுநாளே இந்திய ராணுவத்தினரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி அதிகாரபூர்வமாகக் கேட்டார். பேச்சுக்குப் பிறகு 2024 மார்ச் 10ஆம் தேதிக்குள் முதல் இடம், மே 10ஆம் தேதிக்குள் மற்ற இரண்டும் என முடிவானது.

ஒரு விமானிக்கு 14 வருஷமா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானமும் ஹெலிகாப்டரும் சேர்த்து 3. ஆட்கள் 76 பேர். ஒன்றுக்குச் சராசரியாக 25 பேர்!

காரணம், ஓட்டுபவர் மட்டும் போதாது. இயந்திரப் பொறியாளர், மின்னணுத் தொழில்நுட்பர், உதிரிபாகம் பார்ப்பவர், நோயாளியைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர் என ஒரு பட்டாளமே வேண்டும். ஓய்வு நேர விதி இருப்பதால், இரவும் பகலும் தயாராக இருக்க ஒன்றுக்கு மேற்பட்ட குழு வேண்டும்.

ஒருவர் அடிப்படை விமானப் பயிற்சியை முடிக்கவே ஓரிரு ஆண்டு ஆகும். பிறகு குறிப்பிட்ட ரக விமானத்துக்குத் தனிப் பயிற்சி. அதற்குப் பிறகு கும்மிருட்டில், கடலுக்கு மேல், மோசமான வானிலையில் தனியாக முடிவெடுக்கும் அனுபவம். அந்தக் கடைசி பாடத்துக்குக் குறுக்குவழி கிடையாது.

அரை மில்லியன் மக்கள்தொகை கொண்ட நாட்டில் இதற்கு ஆள் திரட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. இரவல் ஆட்கள் நன்றாக வேலை செய்யும்வரை, சொந்த ஆட்களைத் தயார் செய்யும் அவசரம் யாருக்கும் வராது.

சீருடையைக் கழற்றினால் போதுமா?

மாலத்தீவில் ராணுவத்தினர் போனார்கள், ஆனால் ஹெலிகாப்டர்களும் விமானமும் அங்கேயே இருந்தன. அவற்றை இயக்க இந்தியாவிலிருந்தே தொழில்நுட்ப ஊழியர்கள் வந்தார்கள். இவற்றைத் தயாரிக்கும் இந்திய அரசு நிறுவனமான ஹெச்ஏஎல்லின் ஆட்கள். வேலை அதேதான். சீருடை மட்டும் இல்லை.

இது புது உத்தி இல்லை. 1941இல் ஜப்பானை எதிர்த்துப் போராடிய சீனாவுக்கு அமெரிக்கா உதவ நினைத்தது. ஆனால் அமெரிக்கா அப்போது போரில் இல்லை. என்ன செய்தார்கள்? சுமார் 100 ராணுவ விமானிகள் பணியிலிருந்து விலகினார்கள். ஒரு தனியார் நிறுவனம் அவர்களை வேலைக்கு எடுத்தது. பர்மாவின் தௌங்கூவில் பயிற்சி நடந்தது. 'பறக்கும் புலிகள்' என்று பேர் வாங்கியவர்கள் இவர்கள்தான்.

கொரியப் போரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1950 நவம்பர் முதல் சோவியத் விமானிகள் மிக்-15 போர் விமானங்களை ஓட்டினார்கள். ஆனால் விமானத்தில் சோவியத் அடையாளம் கிடையாது. வானொலியில் ரஷ்ய மொழி பேசக்கூடாது என்று உத்தரவு. சண்டை உச்சத்தில் இருக்கும்போது யாருக்குத்தான் வேற்று மொழி வாயில் வரும்? அந்த உத்தரவு நிலைக்கவில்லை. அமெரிக்காவுடன் நேரடிப் போர் மூண்டுவிடக்கூடாது என்பதுதான் அத்தனை ரகசியத்துக்கும் காரணம்.

சீருடை என்பது துணி மட்டும் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டால் எந்த நாடு பதில் சொல்ல வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

நம் வட்டாரத்தில்?

நாமும் இரவல் வாங்கி வளர்ந்தவர்கள்தான்.

மலாயா தன் ஆகாயப் படையைத் தொடங்கியது 1958 ஜூன் 1ஆம் தேதி. விமானிகளிலிருந்து தளபதிவரை பிரிட்டிஷ் ஆகாயப் படையினர் கைகொடுத்தார்கள். 1967இல் சுலைமான் சுஜாக் முதல் உள்ளூர்த் தளபதி ஆனார். அவரும் பிரிட்டனின் கிரான்வெல் ஆகாயப் படைக் கல்லூரியில் படித்தவர். படை தொடங்கி 9 ஆண்டில் தலைமை கைமாறியது.

சிங்கப்பூருக்கு அவ்வளவு அவகாசம்கூட இல்லை. 1971க்குள் படைகளை மீட்டுக்கொள்ளப்போவதாக பிரிட்டன் 1968 ஜனவரியில் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 6 பேர் விமானப் பயிற்சிக்கு பிரிட்டன் போனார்கள். செப்டம்பரில் சிங்கப்பூர் ஆகாயத் தற்காப்புத் தளபத்தியம் அமைந்தது. சிலேத்தாரில் செஸ்னா விமானங்களில் பயிற்சி தொடங்கியபோது, ஏர்வொர்க் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ஆள் கொடுத்து உதவியது. அந்தத் தளபத்தியம்தான் 1975இல் சிங்கப்பூர்க் குடியரசு ஆகாயப் படை ஆனது.

எல்லா இடத்திலும் இவ்வளவு சீக்கிரம் கைமாறவில்லை. ஓமானின் ஆகாயப் படை 1959இல் பிரிட்டிஷ் உதவியோடு தொடங்கியது. தோஃபார் போரில், குறிப்பாக 1972 ஜூலை 19ஆம் தேதி மிர்பாத் நகரம் தாக்கப்பட்டபோது, அந்தப் படையின் ஸ்டிரைக்மாஸ்டர் விமானங்கள்தான் பெரிய துணை. ஓட்டியவர்கள் பிரிட்டனிலிருந்து இரவல் வந்தவர்களும் ஒப்பந்தத்தில் வந்தவர்களும். போர் 1970களின் மத்தியில் முடிந்தது. ஆனால் பிரிட்டிஷ்காரரான எரிக் பென்னட் 1990வரை அந்தப் படையின் தளபதியாக இருந்தார். படை தொடங்கி 31 ஆண்டு!

அப்படியானால் இரவல் நல்லதா, கெட்டதா?

மலாயா, ஓமான், மாலத்தீவு. மூன்று நாட்டிலும் இரவல் ஆட்கள் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதில் சந்தேகமே இல்லை. வித்தியாசம், இரவல் எப்போது முடியும் என்ற திட்டத்தில்தான்.

இனி இப்படி ஒரு செய்தியைப் படிக்கும்போது மூன்று விஷயத்தைத் தேடிப் பாருங்கள்:

• விமானம் கிளம்ப உத்தரவு கொடுப்பது யார்? வாங்கிய நாடா, கொடுத்த நாடா?

• விபத்தோ தாக்குதலோ நடந்தால் பொறுப்பு யாருடையது என்று எழுதி வைத்திருக்கிறார்களா?

• பக்கத்து இருக்கையில் உள்ளூர்ப் பயிற்சி விமானி உட்கார்ந்திருக்கிறாரா? அவர் எந்த ஆண்டு தனியாகப் பறப்பார்?

மாலத்தீவில் அரசியல் சூடு பிறகு தணிந்தது. 2024 அக்டோபரில் முய்ஸு இந்தியா சென்றார். 2025 ஜூலையில் பிரதமர் மோடி மாலே வந்தார். ஆனால் தலைவர்கள் கைகுலுக்குவதற்கும் விமானி உருவாவதற்கும் சம்பந்தம் இல்லை.

அட்டூவில் இன்றிரவு ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், வரும் ஹெலிகாப்டரில் எந்த நாட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் பார்க்கப்போவதில்லை. அவர் சார்பாக அதை யோசிக்க வேண்டியது அவருடைய அரசாங்கம். அந்த மூன்றாவது கேள்விக்கான பதிலை, கிளம்பச் சொல்லும் கடிதம் எழுதுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே தயார் செய்திருக்க வேண்டும்.