முள்ளந்தண்டில் வைத்த கை

கிணற்றடியில் முகம் கழுவக் குனிந்து, கண்ணை மூடியதும் தள்ளாடுகின்றவர்களை நேயர்கள் கண்டிருப்பீர்கள். "வயது போய்விட்டது" என்று சொல்லி நாமும் அப்பால் போய்விடுகின்றோம். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் புத்தளத்துத் தில்லையடியில் குடியேறினார்கள். அன்று முப்பது வயதில் கைக்குழந்தையோடு வந்த தாய்க்கு இன்று அறுபதுக்கு மேலாகிவிட்டது. விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடிய பருவம். ஆகவே இந்தத் தள்ளாட்டத்தின் வரலாறு நமக்கும் உரியதுதான்.

ஜேர்மனிய வைத்தியர் ரொம்பேர்க் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதை ஒரு சோதனையாக ஆக்கினார். நோயாளியைக் கால் சேர்த்து நிற்கச் சொல்லுவார். பிறகு கண்ணை மூடச் சொல்லுவார். முள்ளந்தண்டு வடத்தின் பின்புறம் பழுதானவர் உடனே சாய்ந்துவிடுவார். அதுவரை அவரைத் தாங்கி நின்றது கண்தான். காலும் முதுகும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மூளைக்கு அனுப்பவேண்டிய சேதி வழியிலேயே நின்றுபோயிருந்தது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அயோவா மாநிலத்து டெவன்போர்ட் நகரில் டானியேல் டேவிட் பாமர் என்பவர் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தார். 1895 செப்டெம்பர் 18ஆந் திகதி, செவிப்புலனை இழந்திருந்த ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் பிதுங்கி நின்ற ஓர் எலும்பை அழுத்தினார். லில்லார்டுக்குக் காது கேட்டது என்று எழுதினார். கேட்கும் நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளையைச் சேர்ந்துவிடும். முதுகுப் பக்கம் அது வருவதேயில்லை! ஆனாலும் எலும்பின் பிசகே ஏறக்குறைய எல்லா நோய்க்கும் மூலம் என்று பாமர் கொள்கை வகுத்தார். 'கையால் செய்வது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி 'கைரோபிராக்டிக்' என்று பெயரும் சூட்டினார்.

1906இல் அனுமதியின்றி வைத்தியம் பார்த்ததாகப் பாமர் சிறைக்குப் போனார். நம் நாட்டுப் பரம்பரை வைத்தியருக்கு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் பதிவு பெற வழி வைத்தது. பாமருக்கு அன்று அந்த வழி இல்லை. அதே 1906இல்தான் ஆங்கிலேய விஞ்ஞானி ஷெரிங்டன், தசையும் மூட்டும் தம் நிலையைத் தாமே உணர்த்தும் புலனுக்குப் பெயரிட்டார். பின்னாளில், 1932இல், நோபல் பரிசும் பெற்றார். பாமர் தேடிய விளக்கத்தின் உருப்படியான பகுதி இவரிடமே இருந்தது என்பது என் எண்ணம். கழுத்தின் பின்புறத்துச் சிறு தசைகளில் இந்த உணர்கருவிகள் மிக நெருக்கமாக உள்ளன. அங்கே வலியும் இறுக்கமும் வந்தால் சேதி குழம்பலாம். கைபட்டு இளகினால் தெளியவும் கூடும்.

'கூடும்' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். 2016இல் வெளியான நியூசிலாந்து ஆய்வொன்றில் முதியவர்கள் 60 பேர் கலந்துகொண்டார்கள். 12 வாரம் கைரோபிராக்டிக் பெற்றவர்களுக்குக் கணுக்காலின் நிலையை உணர்வதும், விரைந்து காலெடுத்து வைப்பதும் சற்று மேம்பட்டன. ஆனால் மற்றப் பாதியினருக்குப் பொய்யாகக்கூட ஒரு கை வைக்கப்படவில்லை. அறுபது பேரை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. சமநிலைக்கும் காலின் பலத்துக்குமான உடற்பயிற்சியோ வேறு கதை. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிய 2019ஆம் ஆண்டு மீளாய்வு, உடற்பயிற்சி விழுதல்களை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைப்பதாகக் கண்டது. (அதன் முதல் ஆசிரியரின் பெயரும் ஷெரிங்டன், இது வேறொருவர்.)

நம் பரியாரிமாரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. 1867இலேயே லண்டன் அறுவை வைத்தியர் ஜேம்ஸ் பாஜெட், எலும்பு வைத்தியர்கள் குணமாக்கும் நோய்களைப் பற்றியே தம் மாணவருக்கு ஒரு விரிவுரை நடத்தினார். அவர்களிடமுள்ள நல்லதைக் கற்று, கெட்டதை விலக்கச் சொன்னார். கெட்டதென்றால், கழுத்தைச் சடாரென்று திருப்புவதை முதலில் சொல்லவேண்டும். அதனால் இரத்தக் குழாய் கிழிவது அரிது. ஆனால் நேர்ந்தால் பாரிசவாதம் வரலாம். எலும்பு தேய்ந்தவர், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர் ஆகியோர் முதுகைக் காட்டுமுன் அதை வாய்திறந்து சொல்லிவிடவேண்டும். கிணற்றடியில் முகம் கழுவும்போது ஒரு கை கட்டைப் பிடித்திருக்கட்டும்.