கீழாநெல்லி முதல் 'லிவர் டீடாக்ஸ்' வரை: கல்லீரலுக்கும் உடல் தெம்புக்கும் எது உதவும்? எது ஆபத்து?

தேனி மாவட்டம் தேவதானப்பட்டி, பெரியகுளம் பகுதிகளில் நல்ல மழை பெய்தால் போதும், வயல் வரப்பிலும் தோப்பு ஓரத்திலும் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். 'மஞ்சக்காமாலையா? கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடி' என்பது தமிழ்நாட்டு கிராமங்களில் வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்தியம். இப்போது அதே செடி மாத்திரையாகவும் பொடியாகவும் 'லிவர் டீடாக்ஸ்' என்ற பெயரில் ஆன்லைனில் விற்பனையாகிறது. 'உடம்புல தெம்பே இல்ல, லிவரை சுத்தம் பண்ணணும்' என்று அதை வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

உண்மையில் கல்லீரலை மாத்திரை போட்டு சுத்தம் செய்ய முடியுமா? தெம்புக்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு? என்ன சாப்பிட வேண்டும்? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

கல்லீரல் என்ன வேலை செய்கிறது?

சாப்பாட்டில் இருந்து வரும் சர்க்கரையை சேமித்து வைத்து, பசி நேரத்தில் ரத்தத்துக்குக் கொடுப்பது கல்லீரல்தான். உடலுக்கு ஆகாத பொருட்களை மாற்றி வெளியேற்றும் வேலையையும் சிறுநீரகத்தோடு சேர்ந்து அதுவே செய்கிறது. கழுவிவிட வேண்டிய 'அழுக்கு' எதுவும் அதில் தேங்கி நிற்பதில்லை.

ஆனால் கொழுப்பு சேரும். கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அதுதான் 'ஃபேட்டி லிவர்'. பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. சிலருக்கு களைப்பு மட்டும் இருக்கும். அதே நேரம், ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைபாடு, தூக்கமின்மை என களைப்புக்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு. அதனால் தெம்பு இல்லை என்றதும் பாட்டில் வாங்குவதற்கு முன், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே நல்லது.

கீழாநெல்லி: சென்னை ஆய்வு சொன்னது என்ன?

கீழாநெல்லி வெறும் பாட்டி வைத்தியமாக நின்றுவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் விஞ்ஞானி எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் அதை முறையாக ஆய்வு செய்தனர். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் இதில் இணைந்திருந்தார். ஆய்வு முடிவு 1988-ல் 'தி லான்செட்' இதழில் வெளியானது.

வைரஸ் தொற்று உள்ளவர்களில் ஒரு தரப்புக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடி, தினமும் 3 வேளை, 30 நாட்கள் தரப்பட்டது. இன்னொரு தரப்புக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. போலி மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு இது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் அடுத்தடுத்து நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய காக்ரேன் அமைப்பின் 2011 அறிக்கையும், ஹெபடைட்டிஸ் பி-க்கு கீழாநெல்லி பலன் தரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

அப்படியானால் காமாலை எப்படி குணமாகிறது?

மஞ்சள் காமாலை என்பது தனி நோய் அல்ல, ஓர் அறிகுறி. அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, இ வைரஸ்களால் வரும் காமாலை, பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் எந்த இலையை அரைத்துக் குடித்திருந்தாலும் பெயர் அந்த இலைக்குத்தான் போகும்.

சிக்கல் இங்கேதான். பித்தப்பைக் கல், பித்தக்குழாய் அடைப்பு, ஹெபடைட்டிஸ் பி, மது, புற்றுநோய், சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் கண் மஞ்சளாகும். இவற்றுக்கு 'பத்து நாள் மருந்து குடிச்சுப் பார்ப்போம்' என்று காத்திருந்தால், அந்தப் பத்து நாள்தான் உயிருக்கு விலையாகிவிடும்.

காமாலையோடு குழப்பமான பேச்சு, அதிக தூக்கம், ரத்த வாந்தி, கறுப்பு மலம், வயிறு வீக்கம், குளிர்காய்ச்சல், நிற்காத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு காமாலை என்றால் ஒரு நாள்கூட தாமதிக்கக் கூடாது. ஹெபடைட்டிஸ் இ அவர்களுக்கு மிகவும் ஆபத்தானது.

'இயற்கை'ன்னா பாதுகாப்பா?

எல்லா நேரமும் இல்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காக சீந்தில் எடுத்துக்கொண்ட 6 பேருக்கு கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் ஓர் ஆய்விதழில் எழுதினர். அதை ஏற்க மறுத்த ஆயுஷ் அமைச்சகம், மூலிகையை சரியாக அடையாளம் காணவில்லை என்று பதில் அளித்தது. கடையில் வாங்கும் பொடியில் உண்மையில் என்ன செடி இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது என்பதையும் இந்த விவாதம் காட்டியது.

அஸ்வகந்தா, செறிவூட்டப்பட்ட மஞ்சள் மாத்திரை, கிரீன் டீ சாறு மாத்திரை ஆகியவற்றாலும் சிலருக்கு கல்லீரல் பாதிப்பு பதிவாகியுள்ளது. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, உடல் அதிகமாக உறிஞ்சும்படி தயாரித்த மாத்திரை வேறு. வைட்டமின் ஏ, நியாசின் போன்றவையும் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும்.

எந்த சப்ளிமெண்ட் எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'அது மருந்து இல்லியே' என்று விட்டுவிடக் கூடாது.

சரி, என்னதான் சாப்பிடலாம்?

*எடை:* ஃபேட்டி லிவருக்கு அதிகம் நிரூபிக்கப்பட்ட வழி எடைக் குறைப்புதான். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கொழுப்போடு அழற்சியும் குறைகிறது. 70 கிலோ உள்ளவர் சுமார் 5 முதல் 7 கிலோ, மெதுவாகக் குறைத்தால் போதும்.

*தட்டு:* சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறி, கீரை, பயறு, முட்டை, மீனைக் கூட்டலாம். கம்பு, கேழ்வரகு நல்லதுதான். ஆனால் அவையும் மாவுச்சத்து என்பதால் அளவு முக்கியம்.

*பழம்:* கம்பம் திராட்சையோ பெரியகுளம் மாம்பழமோ, பழமாக அளவோடு சாப்பிடலாம். ஜூஸ் வேண்டாம். அதிகப்படியான பழச்சர்க்கரையை கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். குளிர்பானம், எனர்ஜி டிரிங்க்கும் இதே கணக்குதான்.

*காபி:* தினமும் 2, 3 கப் காபி குடிப்பவர்களுக்கு கல்லீரல் சுருக்க நோய் குறைவாக இருப்பதாக பல ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை போடாமல் குடிக்க வேண்டும்.

*நிலக்கடலை:* பூஞ்சை பிடித்த கடலை, மக்காச்சோளத்தை கழுவியோ வறுத்தோ சாப்பிடக் கூடாது. அதில் உள்ள அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். சமையல் சூட்டில் முழுதாக அழியாது.

*மது:* கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு 'கொஞ்சமா' என்ற அளவே கிடையாது.

பத்தியம் இருக்கலாமா?

காமாலை என்றதும் உப்பு, எண்ணெய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி, கஞ்சியும் மோரும் மட்டும் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். இதனால் தசை கரைந்து, தெம்பு இன்னும் குறையும். கல்லீரல் சுருக்க நோயாளிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் தேவை. ராத்திரி படுக்கப் போகும் முன் லேசாக ஏதாவது சாப்பிடவும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். வயிற்றில் நீர் கோத்தவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும்.

எங்கே பரிசோதிக்கலாம்?

ஹெபடைட்டிஸ் பி, சி-க்கு இலவச பரிசோதனையும் சிகிச்சையும் தரும் தேசிய திட்டம் 2018 ஜூலை 28 முதல் நடைமுறையில் உள்ளது. ஜூலை 28, பிளம்பெர்க்கின் பிறந்தநாள்; அதுவே உலக ஹெபடைட்டிஸ் தினம். தேவதானப்பட்டி பகுதி மக்கள் முதலில் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். மேல் சிகிச்சைக்கு க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஹெபடைட்டிஸ் பி-யைத் தடுக்க தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை போட வேண்டும். வரப்பில் முளைத்த கீழாநெல்லி அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை, மற்றதெல்லாம் பிறகு.