கோஹினூரைத் தேடும் நாயகன்: ஓவியத்துக்குப் பாராட்டும் ஆட்டத்துக்குக் குறையும் பெற்ற 'அசாசின்ஸ் கிரீட் கிரானிகிள்ஸ்: இந்தியா'

ஹப்சிகுடா (ஹைதராபாத்): இந்திய வரலாற்றைக் களமாகக் கொண்டு வெளிநாட்டுப் பெருநிறுவனங்கள் உருவாக்கிய வீடியோ கேம்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று 'அசாசின்ஸ் கிரீட் கிரானிகிள்ஸ்: இந்தியா'. பிரிட்டனைச் சேர்ந்த கிளைமாக்ஸ் ஸ்டுடியோஸ் உருவாக்கிய இதனை, பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2016 ஜனவரி 12 அன்று வெளியிட்டது. சீனா, இந்தியா, ரஷ்யா என மூன்று பாகங்களாக வந்த வரிசையில் இது இரண்டாவது.

அகன்ற நகரங்களில் விருப்பம்போல் சுற்றித் திரிவதே அசாசின்ஸ் கிரீட் விளையாட்டுகளின் அடையாளம். இதில் அந்தச் சுதந்திரம் இல்லை. நாயகன் பெரும்பாலும் திரையின் பக்கவாட்டிலேயே நகர்கிறான். காவலர்களின் பார்வை எட்டும் பரப்பு ஒளிக்கூம்பு போலத் திரையில் தெரியும். அதில் சிக்காமல் மறைந்து கடப்பதே ஆட்டம். சுவரில் பட்டுத் தெறிக்கும் சக்கராயுதம் அவனுக்குத் துணை.

கதை நிகழும் ஆண்டு 1841. மகாராஜா ரஞ்சித் சிங் 1839-ல் மறைந்தபின் சீக்கியப் பேரரசு உட்பூசலில் தளர்ந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காத்திருந்தது. இந்தச் சூழலில் அர்பாஸ் மீர் என்ற கற்பனை நாயகன் கோஹினூர் வைரத்தை மீட்கப் புறப்படுகிறான். இவன் 2013-ல் வெளியான 'பிராமன்' என்ற சித்திரக் கதையில் முன்பே அறிமுகமானவன்.

விமர்சகர்கள் ஏறக்குறைய ஒருமித்துப் பாராட்டியது காட்சியமைப்பை. செறிந்த வண்ணங்களும், மண்டல வடிவங்களை நினைவூட்டும் அலங்காரங்களும் இதனைச் சீனப் பாகத்தின் மை ஓவியச் சாயலிலிருந்து தெளிவாக வேறுபடுத்தின. ஆனால் ஆட்டமுறை குறித்த கருத்துகள் கலவையாகவே இருந்தன. பக்கவாட்டு மறைவு விளையாட்டுகளுக்கு 2012-ல் வந்த 'மார்க் ஆஃப் தி நிஞ்ஜா' உயர்ந்த அளவுகோலை வகுத்திருந்தது. ஒரே தடையைப் பல வழிகளில் கடக்க அது இடமளித்தது. இந்தியப் பாகத்திலோ பல கட்டங்களுக்கு ஒரே சரியான விடைதான் உண்டு. அதனைக் கண்டறியும்வரை தோற்றுத் தோற்று மீண்டும் தொடங்க வேண்டும். துல்லியம் குறைந்த கட்டுப்பாடு, பிற்பகுதியில் திடீரென ஏறும் கடினம், மனத்தில் நிற்காத கதைமாந்தர் ஆகியவையும் குறைகளாகச் சுட்டப்பட்டன. பொறுமையுள்ளோருக்கு அதே கடினம் சுவையாக இருந்ததும் உண்மை.

மதிப்புரைகள் பெரும்பாலும் விரல்நுனி அனுபவத்தையே எடைபோட்டன, வரலாற்றை அல்ல. இந்திய வாசகருக்கு அதுவே முதன்மையான கேள்வி. ஆட்டத்தின் வில்லன் வில்லியம் ஸ்லீமன் உண்மையில் வாழ்ந்த கம்பெனி அதிகாரி. 1830-களில் தக்கர்களை ஒடுக்கியதற்காக அறியப்பட்டவர். மத்தியப் பிரதேசத்தின் ஸ்லீமனாபாத் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரை இரகசியச் சங்கத் தலைவனாக்கியது முழுக் கற்பனை. காலனிய அதிகாரியை வில்லனாக்கும் துணிவு இருந்தும், கம்பெனி ஆட்சி எவ்வாறு நாட்டைப் பிடித்தது என்பதை ஆட்டம் ஆராயவில்லை என்பது நியாயமான குறை.

கோஹினூரின் மெய்க்கதை கற்பனைக்குச் சளைத்ததன்று. கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சிப்பகுதியில், கிருஷ்ணை நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகப் பொதுவாகக் கருதப்படும் அவ்வைரத்தை, ரஞ்சித் சிங் 1813-ல் ஆப்கானிய மன்னர் ஷா ஷுஜாவிடமிருந்து பெற்றார். பஞ்சாப் இணைக்கப்பட்ட 1849-ல், சிறுவனாக இருந்த மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து உடன்படிக்கையின் வழியே அது பிரிட்டிஷார் கைக்குச் சென்றது.