எண்ணெய்ப் படலத்தின் கதை



மோட்டார் வண்டியில் பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றுவதை, நம் நாட்டுப் பேச்சு வழக்கில் 'மினாக் ஹித்தாம்' மாற்றுவது என்கிறோம். அவ்வாறு மாற்றியபின் முதன்முறையாக இயந்திரத்தை முடுக்கும்போது ஏன் விழிப்பாக இருக்க வேண்டும்? இதற்கான விடை, மோட்டார் வண்டி பரவுவதற்கு முன்பே இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில் கிடைத்தது.

மாட்டு வண்டி அச்சுக்கு மை இடுவது நாம் அறிந்ததே. இரயில் வண்டி வந்தபோது அச்சும் அதனைத் தாங்கும் பேரிங்கும் உராய்ந்து சூடேறுவது பெருந்தொல்லையாயிற்று. லண்டனிலிருந்த இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக இதனை ஆராய்ந்தவர் பீச்சம் டவர். அவருடைய முதல் அறிக்கை 1883-இல் வெளிவந்தது.

டவர் 4 அங்குலக் குறுக்களவுள்ள தண்டின் அடிப்பகுதியை எண்ணெயில் தோயவிட்டுச் சுழலச் செய்தார். பேரிங்கின் மேற்புறத்தில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளையிட்டார். ஆனால் அத்துளை வழியே எண்ணெய் மேலேறி வழிந்தது! தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர முளையும் நிற்கவில்லை. அழுத்தமானியைப் பொருத்தினார். அது சதுர அங்குலத்துக்கு 200 இராத்தலுக்கு மேல் காட்டியது. பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமையோ 100 இராத்தல்தான்.

சுழலும் தண்டு எண்ணெயை இடுக்கினுள் இழுத்துச் செல்கிறது. அந்த மெல்லிய எண்ணெய்ப் படலமே சுமையைத் தாங்குகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். தண்டு நின்றால் படலத்தின் அழுத்தமும் நின்றுவிடும். தண்டு பேரிங்கின் மேல் அமர்ந்துவிடும். ஆகவே, புறப்படும் நேரமே தேய்மானம் மிகுந்த நேரம்.

1908-இல் வந்த ஃபோர்டு டி வண்டியில் எண்ணெய்ப் பம்பு இல்லை. சுழலும் சக்கரமே எண்ணெயை வாரித் தெளித்தது. பின்னர் பம்பின் மூலம் எண்ணெயை அழுத்தி அனுப்பும் முறை பரவியது. 1924-இல் வந்த கிரைஸ்லர் வண்டியில் எண்ணெய் வடிகட்டியும் இருந்தது.

எண்ணெய் மாற்றும்போது இந்த வடிகட்டியையும் மாற்றுகிறோம். புதியது வெறுமையாக இருக்கும். பம்பு அதனை நிரப்பிய பிறகே எண்ணெய் பேரிங்குகளை அடையும். அதுவரை, முன்பே ஒட்டியிருக்கும் சிறிதளவு எண்ணெய்தான் காவல்.

ஆகவே, வடிகட்டி நிமிர்ந்து நிற்கும் வகையாயின் அதில் தூய எண்ணெயை ஊற்றிப் பொருத்தலாம். அதன் இரப்பர் வளையத்திலும் சிறிது எண்ணெய் தடவுங்கள். அளவுகோலைப் பார்த்து எண்ணெய் போதுமான அளவில் இருப்பதை உறுதி செய்தபின் முடுக்குங்கள். எண்ணெய் மிதியை அழுத்தாதீர்கள். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அணைந்ததும் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு, கசிவு உண்டா எனப் பாருங்கள். பிறகு நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து அளவை மீண்டும் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றுங்கள்.

வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு இயந்திரம் பழுதானால் வருமானம் நின்றுவிடும். அதைக் காக்கச் சில விநாடிப் பொறுமை போதும். டவர் அடைத்த தக்கையைத் தள்ளிய அதே எண்ணெய், நம் இயந்திரத்தையும் தாங்கிக்கொள்ளும்.