வைக்கோல் கன்றும் ஒரு ஊசியும்

கன்று செத்துப்போனால் பசு லேசில் பால் விடாது. அந்தக் காலத்தில் செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்து முன்னால் நிறுத்துவார்கள். பாவம், பசு அதை நக்கிக்கொடுக்கும், மடி சுரக்கும். உபயம்: மூளையில் உற்பத்தியாகும் ஆக்ஸிடோஸின்.

பிட்யூட்டரிச் சாறு கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கிறது என்று 1906-ல் சொன்னவர், ஆங்கிலேயர் ஹென்றி டேல். ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சரக்கை 1953-ல் சோதனைச்சாலையில் தயாரித்தார் அமெரிக்காவின் வின்சென்ட் து விக்னோ. 1955-ல் நோபல் பரிசு! பிரசவமானதும் ரத்தப்போக்கு நிற்காத தாய்மார்களுக்கு அது உயிர்காக்கும் ஊசியானது.

அதே ஊசி மாட்டுக்கொட்டகைக்கும் போனது. வைக்கோல் கன்றுகூட வேண்டாமே!

2018 ஏப்ரலில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. உள்நாட்டு விற்பனைக்குத் தனியார் கம்பெனிகள் இதைத் தயாரிக்கக் கூடாது. கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் என்கிற அரசு நிறுவனம் மட்டும் தயாரிக்கலாம். சரி, பிரசவ வார்டில் மருந்து தீர்ந்துபோனால்? வழக்கு டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனது. அந்த ஆபத்தை அரசு சரியாக யோசிக்கவில்லை என்று டிசம்பரில் தடையை ரத்து செய்தது கோர்ட். மத்திய அரசு அப்பீலுக்குப் போனது.

பிடிக்க வேண்டியது கொட்டகையில் ஊசி போடும் கையை. ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜைப் பூட்டினால் பால்காரருக்கு என்ன நஷ்டம்?